பழைய புல்லட்டை வீட்டுக் கொட்டகையில் எழுப்பி மலைப்பயணத்துக்குத் தயாராக்குவது: முழுமையான வழிகாட்டி

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் இதுவரை ஐந்து பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் பைக்குகளை எழுப்பி ஓடவிட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தொடங்கிய வேலையில் கைகொடுத்தது இன்னும் அதிகம். பாதியில் நின்றுபோன வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காரணம் ஒன்றுதான்: முதல் வாரமே டேங்க்கையும் மட்கார்டையும் பெயின்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கைக்காசு அங்கேயே தீர்ந்துவிடும். பளபளக்கும் டேங்க் பரணில் கிடக்கும், என்ஜின் சாக்குப் பைக்குள் கிடக்கும்.

அதனால் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதம், பிரேக், என்ஜின், கார்புரேட்டர், மின்சாரம், பெயின்ட் இல்லாமலேயே 500 கிலோமீட்டர் ஓட்டம், அதன் பிறகு பயணத்துக்கான மாற்றங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயின்ட். இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

இங்கே சொல்வதெல்லாம் வலது கால் கியரும் வார்ப்பிரும்பு சிலிண்டரும் கொண்ட பழைய புல்லட் 350-க்கு. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, நான்கு கியர், பாயிண்ட் இக்னிஷன் (ஒரு தொடர்பு திறக்கும்போது பிளக்கில் பொறி விழும் பழைய முறை). பின்னால் வந்த அலுமினிய என்ஜின்களுக்கு இந்த அளவுகளை அப்படியே வைக்க வேண்டாம்.

1. வாங்கும் முன் ஆர்.சி. புக்

என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அழுக்கைச் சுரண்டி, மெல்லிய தாளை நம்பர் மேல் வைத்து பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுங்கள். நம்பர் வெட்டித் திருத்தப்பட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாதது பிரிண்டில் தெரிந்துவிடும். பழைய புல்லட்டுகளில் என்ஜினை மாற்றி வைத்திருப்பது சாதாரணம். செலவழித்து முடித்த பிறகு அது தெரிந்தால் வண்டி ஓடும், பதிவு ஓடாது.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எந்த ஆண்டு வரை புதுப்பித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கைமாறும் அன்றே வாங்கிவிடுங்கள். வேறு மாவட்டத்துப் பதிவாக இருந்தால் தடையில்லாச் சான்று வேண்டுமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டியை 2021-இல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதிவோடு வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். ஊர் சுற்றத்தான் வண்டி வேண்டுமென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றங்களைப் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நிறமும் அந்த விவரத்தில் ஒன்று. வேறு நிறம் அடிப்பதாக இருந்தால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஃபிரேமில் வெட்டு, வெல்டிங் எதுவும் கூடாது. போல்ட் போட்டு மாட்டி, போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் மாற்றங்களை மட்டுமே நான் செய்கிறேன். இங்கே சட்டமும் என் விருப்பமும் ஒரே பக்கம் நிற்கின்றன.

2. கொட்டகையும் கருவிகளும்

முதல் தேவை சரியான ஸ்பேனர். பழைய புல்லட்டில் இங்கிலாந்து முறை மரைகள் அதிகம். பிற்பாடு மாற்றிய நட்டுகள் மட்டும் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 13, 14 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் 'கிட்டத்தட்ட' பொருந்தும், மூன்றாவது இழுப்பில் நட்டின் மூலை உருண்டுவிடும். விட்வொர்த் அளவு ரிங் ஸ்பேனர் செட் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நான் வாங்கியவை இன்றும் உழைக்கின்றன.

ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், வெர்னியர், நல்ல திருப்புளி, ரப்பர் சுத்தியல், மேக்னெட்டைக் கழற்றும் புல்லர், கிளட்ச் புல்லர் ஆகியவை இருக்க வேண்டும். புல்லர் இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்து அடித்து உடைந்த உறைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மலையில் இன்னொரு தொல்லை ஈரம். ஜூன் தொடங்கி நவம்பர் வரை மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும். கழுவிய இரும்பை இரவில் வெறுமனே விட்டால் காலையில் செம்பழுப்பாகப் பூத்திருக்கும். கழற்றிய ஒவ்வொன்றையும் அன்றே துடைத்து, எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். டப்பா மேல் பெயர் எழுதுங்கள். "நினைவிருக்கும்" என்று விட்ட வாஷர்கள் ஒருநாளும் நினைவில் இருந்ததில்லை.

டிசம்பர் குளிரில் கொட்டகைக்குள் கரிக் கணப்பு வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தொடும். கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓடவிடுவதும் அதே அளவு ஆபத்து, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

3. அவிழ்க்கும் முன் கேளுங்கள், எழுதுங்கள்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மூன்று அட்டைப்பெட்டிகளோடு வந்தான். "அண்ணா, எல்லாத்தையும் கழட்டி டீசல்ல கழுவிட்டேன். இப்ப எங்கிருந்து ஆரம்பிக்கறது?" என்றான்.

"கழட்டறதுக்கு முன்னாடி என்ன சத்தம் வந்துச்சு தம்பி? புகை எந்தக் கலர்?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்ணெய் எங்கே கசிந்தது, பிளக் கறுப்பா வெளுப்பா, எந்த கியர் நழுவியது, இதெல்லாம் வண்டியே தரும் துப்புகள். டீசலோடு எல்லாம் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்துத்தான் குறையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, மூன்று மாதம் கூடுதலாக ஆனது.

வண்டி கிளம்பும் நிலையில் இருந்தால் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது, கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம். அடியிலிருந்து கனமான தட்டல் வந்தால் உடனே நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வயர், கேபிள் போகும் பாதை எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள், இரண்டு பக்கமும்.

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டி என்றால் நேராகக் கிக்கரை மிதிக்க வேண்டாம். புல்லட்டில் எண்ணெய் அறை கிராங்க்கேஸின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. நிற்கும்போது எண்ணெய் மெல்ல ஊறி கிராங்க் பக்கம் இறங்கிவிடும். முதலில் அடியில் உள்ள வடிகால் போல்ட்டுகளைத் திறந்து வடியுங்கள். பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஒருநாள் ஊறவைத்து, மறுநாள் கையால் கிக்கரை அழுத்திப் பாருங்கள். துருப்பிடித்த ரிங்கோடு உதைத்தால் சிலிண்டரில் கோடு விழும்.

4. பெட்ரோல் டேங்க்

உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துருத்தூள் இருக்கிற டேங்க்கை மாட்டிவிட்டு கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, சின்ன நட்டுகளை உள்ளே போட்டு குலுக்குங்கள். பிறகு வினிகரை நிரப்பி இரண்டு மூன்று நாள் விடுங்கள். வினிகரைக் கொட்டியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசுங்கள், மிச்சமிருக்கும் அமிலம் மாறிவிடும்.

இதற்குப் பிறகுதான் பலர் தவறுகிறார்கள். ஈரமான டேங்க்கை வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், அதற்குள் மூடுபனி இறங்கிவிடும். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி மஞ்சள் துரு. தலைமுடி உலர்த்தும் கருவியால் உடனே உலர்த்தி, பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே சுழற்றி விடுங்கள்.

ஓட்டை இருந்தால் வீட்டில் பற்றவைக்க முயலாதீர்கள். காலி டேங்க்கில் மிஞ்சும் ஆவி வெடிக்கும். அனுபவமுள்ள பட்டறையில், ஆவி முழுக்க நீக்கிய பிறகுதான் அந்த வேலை.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாயை உப்பவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாயையும் காக் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திவைப்பதானால் டேங்க்கை முழுதாக நிரப்பி வைப்பது நல்லது. உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரம் படியவும் இடம் குறையும்.

5. முதலில் நிற்க வேண்டும்

என்ஜினுக்கு முன் பிரேக்கா என்று கேட்பார்கள். என்ஜின் கிளம்பிய அன்றே யாராலும் ஓட்டாமல் இருக்க முடியாது. வாசலை விட்டு இறங்கினாலே சரிவு உள்ள ஊர் இது.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்கின் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் கட்டிப் போடுங்கள். எண்ணெய் ஊறிய ஷூவை எமரி தேய்த்து மீட்கலாம் என்று நினைக்க வேண்டாம், சூடு ஏறினால் எண்ணெய் மறுபடி வெளியே வரும். மாற்றிவிடுங்கள். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் லேத்தில் லேசாகக் கடைந்து, புது ஷூவை அதற்கு ஏற்றபடி பொருத்தச் சொல்லுங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது ஆக்ஸில் நட்டை முழுக்க இறுக்கும் முன் பிரேக் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இரண்டு ஷூவும் டிரம்மின் நடுவில் வந்து உட்காரும். இந்த ஒரு அசைவைச் செய்யாததால்தான் 'எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணினாலும் பிடிக்க மாட்டேங்குது' என்ற புகார் பாதி வருகிறது.

ஸ்டீயரிங் கோளத்தில் உள்ள குண்டுகளையும் ஸ்விங் ஆர்ம் புஷ்களையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் 'கடக்' என்று உட்காரக் கூடாது. டயர் 3.25-19, டியூப் ரகம். பழைய டயரில் பட்டன் தெரிந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் அது கழிவுதான்.

6. என்ஜினின் மேல்பாகம்

மூன்றாம் கட்டத்து நோட்டில் நீலப்புகை, கனமான தட்டல் எதுவும் எழுதவில்லை என்றால் ஹெட்டைத் திறக்காதீர்கள். நன்றாக இருக்கும் என்ஜினை 'எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம்' என்று பிரித்துக் கெடுத்தவர்கள் உண்டு.

திறந்தாக வேண்டும் என்றால், சிலிண்டரைத் தூக்கியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம். மேல் கீழாகத் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்க் வேலை. அதை வீட்டில் செய்ய வேண்டாம், கிராங்க்கைச் சமன் பார்க்கும் வசதி உள்ள இடத்துக்கு முழு கிராங்க்காகக் கொடுங்கள்.

ரீபோர் (சிலிண்டரின் உள்சுவரைப் பெரிதாகக் கடைவது) தேவைப்பட்டால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்குங்கள். சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்தே லேத்தில் கொடுங்கள். என் இரண்டாவது வண்டிக்கு அவசரப்பட்டு சிலிண்டரை மட்டும் கீழே ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். 'ஸ்டாண்டர்டு அளவு' என்று கடைந்து அனுப்பினார்கள். பிறகு நான் வாங்கிய பிஸ்டன் அதற்குள் லொடலொடவென்று ஆடியது. அடுத்த ஓவர்சைஸுக்கு மறுபடி கடைய வேண்டிவந்தது, சிலிண்டரின் ஆயுளில் ஒரு படி வீணானது. பிஸ்டனுக்குப் பிஸ்டன் நுண்ணளவு மாறும். எந்தப் பிஸ்டன் உள்ளே போகிறதோ அதை அளந்துதான் கடைய வேண்டும்.

ஹெட் நட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு என்ஜின் முழுக்கக் குளிர்ந்ததும் மறுபடி ஒருமுறை.

7. எண்ணெய் மேலே ஏறுகிறதா

மினரல் 20டபிள்யூ50 எண்ணெய் ஊற்றுங்கள். பிளக் இல்லாமல் கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே, ராக்கருக்குப் (வால்வைத் தள்ளும் கை) போகும் மெல்லிய குழாயின் மேல்முனை போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிய வேண்டும். வராமல் என்ஜினைக் கிளப்பாதீர்கள். பம்ப் பிளஞ்சரில் தேய்மானம், கேஸ்கட்டில் துளை மாறி ஒட்டியது, குழாயில் அழுக்கு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கேஸ்கட்டை மாட்டும் முன் பழையதன் மேல் வைத்துத் துளைகளை எண்ணுங்கள்.

பிரைமரி செயின் உறைக்குத் தனி எண்ணெய், கியர் பாக்ஸுக்குத் தனி. என்ஜினில் ஊற்றினால் எல்லாவற்றுக்கும் போகும் என்று புது வண்டி ஓட்டியவர்கள் நினைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

8. டேப்பெட், பாயிண்ட், டைமிங்: இந்த வரிசையில்தான்

புல்லட் நன்றாக ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் இந்த ஒரு மணி நேர வேலையில் இருக்கிறது. கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பவர்களின் வண்டியில் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

முதலில் டேப்பெட், அதாவது வால்வுகளை இயக்கும் தண்டுகளின் (புஷ்ராட்) தளர்வு. என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், விடிகாலை நல்ல நேரம். பக்கத்து மூடியைத் திறந்து, கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்படி வையுங்கள். புஷ்ராடை விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழுமாக ஆட்டம் இருக்கக் கூடாது. இடைவெளி என்று தனியாக எண் கிடையாது. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு நகரும். 'சத்தம் வரக் கூடாது' என்று இறுக்கிவிட்டால் வால்வு முழுக்க மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு எரியும்.

இரண்டாவது பாயிண்ட் இடைவெளி. கேம் முழுக்கத் தூக்கிய நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதை டைமிங்குக்கு (பொறி விழும் நேரத்தை வைப்பது) முன் செய்ய வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் வைத்த டைமிங் போய்விடும்.

மூன்றாவது டைமிங். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் கனங்களைக் கையால் விரித்து விடுங்கள், ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால் டைமிங் எப்போதும் முன்னேறியே நிற்கும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். சரியாகத் திரும்புகிறது என்றால், டாப் கியரில் போட்டு பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பிஸ்டனை நகர்த்துங்கள். பிளக் துளை வழியாக ஒரு ஸ்போக் கம்பியை விட்டு உச்சியைக் கண்டுபிடியுங்கள். துளை சாய்வாக இருக்கும், கம்பி சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால், கனங்கள் சுருங்கிய நிலையில், பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிஸ்டனை நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், ஓடும் திசையிலேயே முன்னுக்கு வந்து அந்த அளவில் நிறுத்துங்கள். பின்னோக்கி வந்து நிறுத்தினால் பல்சக்கரங்களின் தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும்.

இப்போது சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளில் ஒரு கீற்று கிழித்துப் பாயிண்ட் நடுவில் வையுங்கள். இரண்டு விரலால் மிக லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். தாள் முதலில் கல்போல் நிற்கும். பிறகு ஒரு கணத்தில் எதிர்ப்பே இல்லாமல் நழுவி வரும். அந்த இடம்தான். அங்கேயே திருகை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவந்து இன்னொரு முறை சோதியுங்கள். எனக்கு முதல் முறையே சரியாக அமைந்ததில்லை, மூன்று முறையாவது ஆகும். இறுக்கும்போது உடல் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

தாமதமான டைமிங்குக்கு அடையாளம்: ஏற்றத்தில் இழுக்காது, சைலென்சர் குழாயின் கழுத்து அளவுக்கு மேல் சூடாகும். முன்னேறிய டைமிங் என்றால் ஏற்றத்தில் உலோகம் சிணுங்கும் சத்தம் கேட்கும்.

கிக்கர் மிதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், தவறினால் கணுக்கால் போகும். சாவியைப் போட்டு அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்துங்கள். இடப்பக்கம் சாய்ந்த முள் நடுவுக்குத் திரும்பும்போது பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்கு அருகில் இருக்கிறது. டிகம்ப்ரஸரைப் (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லிவர்) பிடித்து இன்னும் ஒரு அங்குலம் தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. பலம் தேவையில்லை.

9. கார்புரேட்டரும் மலைக்காற்றும்

குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைத் தந்தால் கலவை கெட்டியாகிவிடும். பிளக் கறுத்து மிஸ்ஸிங் வரும், மைலேஜ் விழும். அதனால் கம்பெனி அளவு ஜெட்டோடு (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகு) தொடங்கி, மெயின் ஜெட்டை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம், தேவையென்றால் நீடில் கிளிப்பையும் ஒரு படி மேலே ஏற்றலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

சோதிக்கும் முறை: என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் போய், ஒதுங்க இடமுள்ள பாதுகாப்பான இடத்தில் கிளட்ச்சைப் பிடித்தபடி சாவியை அணைத்து நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிக்கொட்டைப் பழுப்பு சரி. கரி படிந்திருந்தால் இன்னும் குறைக்கலாம். வெள்ளையாக இருந்தால் அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள். ஐட்லிங்கில் நின்றபடி பார்க்கும் பிளக் நிறம் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

இதோடு விட்டுவிட்டால் பயணத்தில் அடிபடும். இங்கே குறைத்த ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி, வெயிலில் கோவை, திருப்பூர் என்று விரட்டினால் அந்தக் கனமான காற்றுக்குப் பெட்ரோல் போதாது. என்ஜின் கொதித்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மலை ஜெட், கீழ் ஜெட் இரண்டையும் சின்ன டப்பாவில் போட்டு, எது எதுவென்று எழுதி, டூல் பாக்ஸில் வையுங்கள். நீண்ட சமவெளிப் பயணம் என்றால் மேட்டுப்பாளையத்தில் பத்து நிமிடம் நின்று மாற்றிக்கொள்ளுங்கள்.

10. மின்சாரம்

பேட்டரியை இணைக்கும் முன் எந்த முனை எர்த் (ஃபிரேமோடு இணைவது) என்று வயரிங்கைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், பழைய வண்டிகளை யார் யாரோ மாற்றியிருப்பார்கள். 6 வோல்ட் வண்டியாக இருந்தால், அடிக்கடி இரவில் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், காயில், பல்பு, ஹார்ன் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றினால் மற்றவை எரியும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பாருங்கள், உரசினால் ஸ்டேட்டர் கெட்டுவிடும்.

பழைய வயர் உறையை வளைத்துப் பாருங்கள். நொறுங்கினால் முழு ஹார்னஸையும் மாற்றுங்கள். ஒட்டுப்போட்ட வயர் மழைநாளில், மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் உள்ள பர்லியாருக்கு மேலேதான் கைவிடும்.

11. பெயின்ட் இல்லாமல் 500 கிலோமீட்டர்

இப்போது வண்டி அழுக்காக, பல நிறத்தில், ஆனால் ஓடும் நிலையில் இருக்கும். இப்படியே ஓட்டுங்கள். எண்ணெய்க் கசிவு, தளர்ந்த நட்டு, உரசும் கேபிள் எல்லாம் இந்தத் தூரத்தில்தான் வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் டேங்க்கை நான்கைந்து முறை இறக்கி ஏற்றுவீர்கள். புதுப் பெயின்ட்டில் அதைச் செய்தால் முதல் மாதமே கீறல் விழும்.

முதலில் வெலிங்டன் சுற்றி, பிறகு ஊட்டி வரை. ரீபோர் செய்த என்ஜினாக இருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், பின்னால் ஆள் ஏற்றி மலையேறாதீர்கள்.

கடைசிச் சோதனை மேட்டுப்பாளையம் சாலை. 14 கொண்டை ஊசி வளைவு. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிப்பு மறையும். இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடியே வைத்தால் சிலிண்டருக்குள் வெற்றிடம் உருவாகி எண்ணெய் மேலே இழுபடும், நேரான இடங்களில் லேசாகத் திறந்து விடுங்கள். மலையடிவாரத்துக் கல்லாறில் நிறுத்தி டிரம்மின் அருகில் கையை வைத்துப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பிரேக் உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

500 முடிந்ததும் எண்ணெயை மாற்றுங்கள். வடித்த எண்ணெயில் பளிச்சிடும் துகள் எவ்வளவு என்று பாருங்கள். மெல்லிய சாம்பல் மினுமினுப்பு சரி, விரலில் நெருடும் துண்டு என்றால் நிறுத்திவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.

12. பயணத்துக்கான மாற்றங்கள்

இதில் ஆசைப்பட ஏகப்பட்டது இருக்கும். நான் வைப்பது கொஞ்சம்தான்.

கேரியரைப் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் நீளவிடாதீர்கள். பின்னால் கனம் கூடினால் ஏற்ற வளைவில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் மிதக்கும். பக்கப்பைகளைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் சம எடையாக மாட்டுங்கள். சைலென்சர் பக்கத்துப் பைக்கு ஒரு தகடு மறைப்பு வேண்டும்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் சமவெளியில் என்ஜின் நிதானமாக ஓடும் என்பது உண்மை. மலைவாசிகளுக்கு அது வேண்டாம். ஏற்றத்தில் மூன்றாவது கியர் பயனில்லாமல் போய் இரண்டிலேயே கத்திக்கொண்டு போக வேண்டிவரும்.

ஹெட்லைட்டில் 60/55 வாட் ஹாலஜன் போட்டால் பழைய ஆல்டர்னேட்டர் தாங்குகிறதா என்று அம்மீட்டரைப் பாருங்கள். ஓடும்போதும் முள் இடப்பக்கமே நின்றால் பேட்டரி வடிகிறது. கூடுதல் விளக்கு மாட்டுவதாக இருந்தால் மஞ்சள் ஒளி, தாழ்வாக. மூடுபனியில் உயரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். சைலென்சர் மூல ரகமே இருக்கட்டும், முதுமலை வழியாகப் போகும்போது யானைகளுக்கும் நிம்மதி வேண்டும்.

கிளட்ச் கேபிளுக்கும் ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு உபரி கேபிளையும் பாதை பார்த்து இழுத்துக் கட்டிவையுங்கள். மழையில் கேபிள் அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றி மாட்டினால் போதும். பாயிண்ட் செட், கண்டென்சர், பிளக், செயின் லிங்க், டியூப், அந்த விட்வொர்த் ஸ்பேனர்கள் எப்போதும் உடன் இருக்கட்டும்.

13. கடைசியில் பெயின்ட்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மட்டுமே இங்கே வெளியில் பெயின்ட் அடிக்க ஏற்ற காலம். என் முதல் வண்டியை ஒரு அக்டோபர் மதியம் வெயிலைப் பார்த்து நம்பி அடித்தேன். மூன்று மணிக்கு மூடுபனி ஏறி வந்தது. கறுப்பு டேங்க் என் கண்ணெதிரே பால் படர்ந்ததுபோல் வெளுத்தது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்ட்டுக்குள் இறங்கிவிடுகிறது. முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு மார்ச்சில் மறுபடி அடித்தேன். அந்த மாதங்கள் தவறிவிட்டால் பாகங்களைக் கீழே கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ அனுப்பிவிடுங்கள்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்தால் இந்த ஈரத்துக்கு நன்றாகத் தாங்கும். கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரை மறைத்து ஒட்டி, அந்த இடத்தில் மணல் அடிக்கவோ தேய்க்கவோ கூடாது என்று எழுதியே கொடுங்கள். நம்பர் மங்கினால் முதல் கட்டத்தில் எடுத்த பென்சில் பிரிண்ட்தான் கையில் மிஞ்சும். பேரிங் உட்காரும் இடங்களையும் மரைகளையும் மூடச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த ஃபிரேமில் எர்த் வயர் மாட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். பெயின்ட்டுக்கு முன் நன்றாக ஓடிய வண்டி பெயின்ட்டுக்குப் பின் கிளம்பாமல் நின்றால் காயிலையும் கார்புரேட்டரையும் தொடும் முன் அந்த ஒரு போல்ட்டைப் பாருங்கள்.